வயலில் ஊடை போட்டவன்

முசரவாக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஓட்டுநரின் கைப்பேசி பாடத் தொடங்கியது. நாற்று நடும் பெண்ணைப் பற்றிய பாட்டு அது. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் யாராவது அந்தப் பாட்டைக் கேட்டதில்லை என்று சொன்னால், அவர் பார்க்க வேண்டியது காது டாக்டரை. நான் மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டு, எவ்வளவு அடக்கமாகச் சொல்லலாமோ அவ்வளவு அடக்கமாக, "இந்தப் பாட்டு நான் எழுதுனதுப்பா" என்றேன்.

ஓட்டுநர் சின்னப் பையன். கண்ணாடியில் என் முகத்தைத் தேடிப் பிடித்தார்.

"உங்களுக்கு இன்னா வயசு ஆவுது சார்?"

சொன்னேன்.

"இது ராஜா காலத்துப் பாட்டு சார். பல்லவ ராஜா காலத்துது. இன்ஸ்டால போட்டிருந்தான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் கீரைக்கட்டுகளை என் பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன், ஒருமுறை பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்த மருத்துவரிடம் வாயைத் திறந்தபடியே சொல்ல முயன்றிருக்கிறேன். அவர் ஊசியைக் கொஞ்சம் கூட்டினார். ஆனாலும் உண்மை உண்மைதான். அந்தப் பாட்டை எழுதியவன் நான். எப்படி எழுதினேன் என்பதைச் சொன்னால், எழுதியது நான்தான் என்று நீங்கள் உடனே ஒப்புக்கொள்வீர்கள். வேறு யாராலும் அப்படிப்பட்ட தவறைச் செய்திருக்க முடியாது.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவன். அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார், பெரியப்பா உட்கார்ந்திருந்தார், சித்தப்பா உட்கார்ந்திருந்தார். என்னையும் உட்கார வைத்துப் பார்த்தார்கள். சேலையைக் காப்பாற்ற வேண்டி எழுப்பிவிட்டார்கள். ஆனால் தறிப் பேச்சு மட்டும் உடம்பில் ஏறிவிட்டது. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் பாவு, அதன் குறுக்கே ஓடுகிற நூல் ஊடை. எங்கள் தெருவில் குழந்தைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்கிற சொற்கள் அவை. குறுக்கே ஓடுகிற எதைப் பார்த்தாலும் எனக்கு ஊடை என்றுதான் தோன்றும், சாலையைக் கடக்கும் ஆடு உட்பட.

டைப்ரைட்டிங் வகுப்பில் எனக்கு இரண்டு மெஷின் தள்ளி உட்கார்ந்திருந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் முசரவாக்கத்துக்காரி. அவளுடைய அப்பா, அம்மா அடுத்தவர் நிலத்தில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். எங்கள் தெருவுக்கும் அவர்கள் தெருவுக்கும் இருந்த தூரத்தைப் பேருந்துக் கட்டணத்தை வைத்துக் கணக்கிட முடியாது. இரண்டு வீடும் சமாதானமாக நாளானது. சமாதானமான பிறகு, புது மாப்பிள்ளையாக நான் முதல் தடவை அந்த ஊருக்குப் போனது நடவு சமயம்.

மாப்பிள்ளை டவுன்காரன், வெள்ளைச் சட்டைக்காரன், வரப்பில் நடந்தால் விழுந்துவிடுவான் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. நான் விழுந்தேன்தான், ஆனால் அது பிறகு. அந்தப் பேச்சை முறியடிக்க எட்டு வரியில் ஒரு நடவுப் பாட்டை எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நாட்டுப்பாடல்களைப் பற்றிய தடித்தடியான புத்தகங்களை நூலகத்தில் படித்தவன் நான். வயலை மட்டும் படித்திருக்கவில்லை. வயலில் என் மாமியாரும் ஏழெட்டுப் பெண்களும் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் நின்று பாடினேன்.

நாத்து முடி கையிலெடுத்து
நடந்துவர்றா முன்னாலே
சேத்து வயல் பாவு மேலே
ஊடை போடுறா தன்னாலே

வயல் நின்றுவிட்டது. பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். என் மாமியார்தான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் விவரித்தாக வேண்டும். மூக்கு வழியாக ஒன்று வந்தது. அடுத்தது தொண்டையில் சிக்கிக்கொண்டு நின்றது. பிறகு ஒரேயடியாக வாய்விட்டு, மேலே மேலே ஏறிப் போய், கொக்கு எழும்புகிற மாதிரி ஒரு சத்தத்தில் முடிந்தது. வயலில் இருந்த கொக்குகள் உண்மையிலேயே எழும்பின.

"முன்னால நடந்துக்கினே நட்டா, நட்ட நாத்த யாரு மெதிக்கறது மாப்ள?"

"அதுக்குத்தான மாப்ளய கூட்டியாந்துகீது" என்றார் இன்னொரு பெண்.

நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டேதான் நடுவார்கள். இதைத் தெரிந்துகொள்ள வயலில் இறங்கக்கூட வேண்டாம், பேருந்து ஜன்னல் போதும். நான் பேருந்தில் புத்தகம் படிக்கிறவன்.

"அத்த வுடுங்கடி. சேத்துல பாவ இழுத்து ஊடையும் போட்டுட்டாரே, முந்தானிய எந்தப் பக்கம் வெப்பாரு கேளு!"

"பார்டரு எங்கன்னு கேளுடி!"

"வரப்புதான் பார்டரு!"

மறுபடி என் மாமியார் சிரித்தார். மூக்கு, தொண்டை, கொக்கு. நான் அங்கிருந்து கம்பீரமாக நகர்ந்தபோதுதான் விழுந்தது.

அன்று சாயங்காலம் அவர்கள் கரையேறிக் கால் கழுவிக்கொண்டு வரும்போது அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே வந்தார்கள். கிண்டலுக்குத்தான். 'நடந்துவர்றா முன்னாலே' என்பது 'நகந்துவர்றா பின்னாலே' என்று ஆகியிருந்தது. என் மெட்டு கொஞ்சம் சோகமாக இருந்தது போலிருக்கிறது, அதையும் கழற்றிவிட்டு வேறு பூட்டியிருந்தார்கள். ஆனால் ஊடையை மட்டும் விடவில்லை. ஊடை என்ற சொல் வந்ததும் எல்லாரும் சேர்ந்து என் மாமியார் சிரித்த மாதிரியே சிரித்தார்கள். மூக்கில் ஒன்று, தொண்டையில் ஒன்று, மேலே ஏறிப்போகிற ஒன்று. அடுத்த நடவில் பக்கத்து ஊர்ப் பெண்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு நான் யார் என்று தெரியாது. அந்தச் சிரிப்பு பாட்டின் பகுதி என்றே நினைத்துக்கொண்டு அதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு பாட்டை யாராலும் பிடிக்க முடியவில்லை. மாகறல் திருவிழாவில் ஒலிபெருக்கியில் வந்தது. தென்னேரி ஏரி நிரம்பி வழிந்த வருஷம், வேடிக்கை பார்க்கப் போன கூட்டம் முழுக்க அதைத்தான் பாடியது. கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள், சிரிப்பை டிரம்பெட்டில் ஊதினார்கள். உள்ளாட்சித் தேர்தலில் எதிரெதிரே நின்ற இரண்டு பேருமே அந்த மெட்டில்தான் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வந்ததும் பெண்கள் நாற்றுமுடியை வைத்துவிட்டு அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். பாட்டும் ஏறியது. பஸ்ஸில் அதற்குப் புது வரிகள் முளைத்தன.

ஒரகடம் கம்பெனி பஸ்சு
ஊருக்குள்ள நிக்குது
ஓவர்டைமு பாத்த கண்ணு
ஓரமாகச் சொக்குது

நான் எழுதியதைவிட இது நன்றாக இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷங்கள் ஆயின.

வார இதழ்களில் நான் நிறைய நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்து, காற்புள்ளிக்காக உதவி ஆசிரியரோடு சண்டை போட்டு எழுதியவை. அவற்றின் ஆயுள் அடுத்த இதழ் வரும் வரைதான். வரப்பில் நின்று தப்பும் தவறுமாகப் பாடிய நாலு வரியோ ஒரு தலைமுறையைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பொறாமையாகத்தான் இருந்தது, அதுவும் என் மீதே. இந்த மாதிரிப் பாட்டுகள் ஏன் சாகாமல் இருக்கின்றன என்று யோசித்திருக்கிறேன். நன்றாகப் பாடத் தெரியாதவர்களும் பாடலாம் என்பது ஒன்று. குரல் போனால் சத்தம் போதும், சத்தம் போனால் கை தட்டினால் போதும். இன்னொன்று, அதில் கை வைக்க யாரும் பயப்படுவதில்லை. என் கட்டுரையில் ஒரு சொல்லை மாற்றினால் நான் சண்டைக்குப் போவேன். பாட்டைப் பாதுகாக்க அப்படி ஒரு காவல்காரன் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டுச் சாமானை அதில் கொண்டுவந்து வைக்கிறார்கள். பிறகு அது அவர்கள் வீடாகிவிடுகிறது. நம் வீட்டை நாமே இடிக்க மாட்டோம் அல்லவா.

என் எட்டு வரிகளில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல், ஊடை. எல்லாரும் திருத்திய பாட்டில் யாரும் திருத்தாமல் விட்டது அந்தத் தவறைத்தான்.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கொழுந்தியாள் வீட்டுக்கு வந்தாள். மனைவியின் தங்கை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அந்த பஸ்ஸில் பாடுகிற பெண்களைச் சேர்த்து ஒரு பாட்டுக்குழு வைத்திருக்கிறாள். ஊர்த் திருவிழாக்களில் பாடுவார்கள். பாடுவார்கள் என்றால், சென்னையிலிருந்து வரும் பெரிய இசைக்குழு மேடை ஏறுவதற்கு முன்னால், நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, சவுண்டு சர்வீஸ்காரர் 'அக்கா, ரெண்டு பாட்டு பாடுங்க, மைக் செட் பண்ணிக்கறேன்' என்பார். அப்போது பாடுவார்கள். பாதிப் பாட்டில் 'போதும்க்கா, சரியாக்கீது' என்று இறக்கிவிடுவார். இத்தனை வருஷத்தில் யாரும் அவர்களைப் பேர் சொல்லி மேடைக்கு அழைத்ததில்லை.

"மாமா, ஒரு ஒதவி" என்றாள்.

"சொல்லும்மா."

"நீங்க ஒரு நாளைக்கு செத்துப்போவணும்."

சமையலறையிலிருந்து என் மனைவி, "ஒரு நாளைக்கு மட்டுமா?" என்றாள்.

விஷயம் இதுதான். வடக்கே ஒரு பெரிய ஊரில் நாட்டுப்பாட்டு விழா. மாவட்டத்துக்கு ஒரு குழு போகலாம். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு. மரபாக வந்த பாட்டாக இருக்க வேண்டும், ஆசிரியர் அறியப்படாததாக இருக்க வேண்டும் என்பது விதி.

"எங்ககிட்ட இருக்கற நல்ல பாட்டு அது ஒண்ணுதான் மாமா. மத்ததெல்லாம் எல்லா குரூப்பும் பாடுது. நீங்க எப்ப பாத்தாலும், யாரப் பாத்தாலும், நான் எழுதுனது நான் எழுதுனதுன்னு சொல்லிக்கினே கீறீங்க. அன்னிக்கி மண்டபத்துல வந்து சொன்னீங்கன்னா எங்க பொழப்பு போச்சு. அதான். எழுதுனவரு உயிரோட இருந்தா அது நாட்டுப்பாட்டு கெடையாதாம்."

"நான் உயிரோடதான இருக்கேன்?"

"அதத்தான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கன்றேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் தரையில் உட்கார்ந்து, பேச்சுக்கு நடுவே, "ஒருவாட்டியாச்சும் பேரு சொல்லிக் கூப்பிடட்டும் மாமா. அப்பறம் நல்லா பாடலன்னு எறக்கி வுட்டாக்கூட பரவால்ல" என்றாள். இறந்துபோகச் சம்மதித்தேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன், கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பேன், வாயைத் திறக்க மாட்டேன்.

"இவராவது, வாயத் தொறக்காம இருக்கறதாவது" என்றாள் என் மனைவி. அவளையே எனக்குக் காவல் போட்டார்கள்.

தேர்வு நாளன்று கடைசி வரிசையில், என் மனைவியின் முழங்கைக்குப் பக்கத்தில், பிணத்துக்குரிய அமைதியோடு உட்கார்ந்திருந்தேன். மேடைக்கு எதிரே மூன்று நடுவர்கள். நடுவில் இருந்தவர் நாட்டுப்புறவியல் பேராசிரியை, நரைத்த தலை, கூர்மையான பார்வை. ஒரு பக்கம் மீசை வைத்த அதிகாரி ஒருவர், மறுபக்கம் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்க்கும் இன்னொருவர். சில குழுக்கள் பாடி முடித்தன. பிறகு எங்கள் பெண்கள் ஏறினார்கள். எங்கள் பெண்கள் என்று எழுதும்போது கை கொஞ்சம் வேகமாகத்தான் போகிறது.

அவர்கள் பாடியதை எப்படிச் சொல்வது? பஸ் இரைச்சலைத் தாண்டிப் பாடிப் பழகிய குரல்கள். மைக் தேவையே இல்லாமல் மண்டபத்தின் கடைசித் தூண் வரை வந்தன. ஊடை வந்தது. சிரிப்பு வந்தது. மூக்கு, தொண்டை, அப்புறம் அந்த ஏற்றம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற குழுக்காரர்களும் தாங்களாகவே சேர்ந்து சிரித்துவிட்டார்கள், அவர்கள் போட்டியாளர்கள் என்பதையும் மறந்து. என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. ஒரு மாவட்டமே என்னைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டு, அதைத் தாளம் தப்பாமல் சிரிக்கிறது. நான் பாதி எழுந்துவிட்டேன். என் மனைவி முழங்கையால் இடித்தாள்.

பாட்டு முடிந்ததும் பேராசிரியை எழுந்தே நின்றுவிட்டார்.

"ரொம்ப அபூர்வம்மா இது! நடவுப் பாட்டுக்குள்ள தறிச் சொல் வருது. ஊடை. உழவரும் நெசவாளரும் ஒண்ணா வாழ்ந்த காலத்தோட தடம் இது. அப்புறம் அந்தச் சிரிப்பு, அது வெறும் சிரிப்பு இல்ல. குலவை மாதிரி. வயல் விளையணும்னு செய்யற பழைய சடங்கா இருக்கணும். ஒரே மாதிரி எல்லாரும் சிரிக்கறீங்க பாருங்க. யாரு முதல்ல செஞ்சாங்கன்னே தெரியாத சடங்கு. இல்லையா?"

கொழுந்தியாள் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்ற ஒரு சொல்லில் அவர்கள் ரயிலேறியிருப்பார்கள். நான் செத்திருந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்ற பெண்கள், "சொல்லுடி, ஆமான்னு சொல்லு" என்று கிசுகிசுத்தது கடைசி வரிசைக்கே கேட்டது.

"சடங்கெல்லாம் இல்ல மேடம்" என்றாள். "அது எங்கம்மா சிரிச்சது."

என் மாமியார் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன.

"யாரு சிரிச்சதுன்னு தெரியாதுன்னு சொல்லாதீங்க மேடம். எங்கம்மாதான். நடவுல சிரிச்சுது. எங்கக்கா புருசன் வரப்புல நின்னுக்கினு இந்தப் பாட்ட தப்புத்தப்பா பாடுனாரு. அதக் கேட்டு சிரிச்சுது. எங்கம்மா பேரு தெரியாத ஆளு கெடையாது."

"அப்ப இந்தப் பாட்டை எழுதினது..."

"அதோ, கடைசில. அன்னிக்கி மாதிரியே முழிச்சிக்கினு உக்காந்துகீறாரு பாருங்க."

மேடையில் இருந்த பெண்களின் முகங்களைப் பார்த்தேன். ரயில் கிளம்பிப் போவதை நடைமேடையில் நின்று பார்க்கிறவர்களின் முகம். ஆனால் ஒருத்தியும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டு பேர் அவள் பக்கத்தில் நெருங்கி நின்றார்கள்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. இந்தப் பாட்டு என்னுடையது என்று ஒரு மண்டபம் நிறைந்த மனிதர்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்று எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன்! அந்த நாள் வந்தது, வேண்டாத நேரத்தில் வந்தது.

"வாங்க சார்" என்றார் பேராசிரியை. "நீங்க எழுதினதை அப்படியே சொல்லுங்க."

போனேன். வரப்பில் நின்ற மாதிரியே நின்று, என் மெட்டிலேயே பாடினேன். 'நடந்துவர்றா முன்னாலே' என்ற இடத்தில் மண்டபம் வெடித்தது. மாகறலில் இருந்து வந்திருந்த ஒரு பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "நாத்து போச்சே சார்!" என்று கத்தினார். மீதி வரிகளையும் ஒப்பித்தேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவை காற்றில் எப்போதோ போய்விட்ட வரிகள்.

பேராசிரியையும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார் பாடினது ஒரு பாட்டு. இவங்க பாடினது இன்னொரு பாட்டு. ஒரு சொல்லு மட்டும் அதுலேர்ந்து இதுக்கு வந்திருக்கு" என்றார்.

மீசைக்கார அதிகாரி விடவில்லை. "மேடம், விதி தெளிவா இருக்கு. ஆசிரியர் அறியப்படாத பாட்டுன்னு இருக்கு. இங்க ஆசிரியரே நின்னுக்கிட்டிருக்காரு."

பேராசிரியை அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சார், உங்க பேரு?"

சொன்னேன்.

அதிகாரியிடம் திரும்பி, "இந்தப் பேரை நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றார்.

அவர் நேர்மையானவர். யோசித்துப் பார்த்தார். "இல்லைங்க மேடம்."

கடிகாரக்காரரும் உதட்டைப் பிதுக்கினார்.

"நான் பத்திரிகைகளில் எழுதறவன்" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எந்தப் பத்திரிகை?"

சொன்னேன்.

"அது நின்னுபோச்சே சார்" என்றார் அதிகாரி, உண்மையான அனுதாபத்தோடு.

பேராசிரியை மண்டபத்தைப் பார்த்தார். "இவரை இங்க யாருக்காவது தெரியுமா? சொந்தக்காரங்க கை தூக்க வேண்டாம்."

ஒரு கை எழவில்லை. முப்பது வருஷம் எழுதியிருக்கிறேன். என் அலுவலகத்தில் இருந்து வந்திருந்தவர்கூட, சத்தியமாக என்னோடு டீ குடிப்பவர், பக்கத்துத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிலைமையைப் புரிந்துகொண்டு அப்படிச் செய்தாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்டு வேறு பதில் வந்தால்?

"ஆசிரியர் அறியப்படாதவர்தான்" என்றார் பேராசிரியை. "விதி மீறல் எதுவும் இல்லை."

மீசைக்காரர் விதித் தாளை மறுபடி படித்தார். பிறகு அவருக்கும் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது, மூக்கில் தொடங்கி. மூவரும் தலைகளைச் சேர்த்து ஏதோ பேசினார்கள். எங்கள் பெண்களின் குழு தேர்வானதாக அறிவித்தார்கள். அறிவிப்பில் பாடியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். கூடவே பேராசிரியை, யாரும் கேட்காமலே, "சிரிப்பு" என்று சொல்லி என் மாமியாரின் பெயரையும் சேர்த்துப் படித்தார். கொழுந்தியாள் அங்கேயே மேடையில் உட்கார்ந்துவிட்டாள். எழுதியவன் பெயரைப் படிக்கவில்லை. படித்தால் விதி மீறலாகிவிடும்.

எழுத்தாளர்கள் எத்தனையோ பேர் தங்கள் புகழால் ஊருக்கு உதவியிருக்கிறார்கள். புகழ் இல்லாததால் உதவியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதை வீட்டுச் சுவரில் மாட்டி வைக்க ஒரு சான்றிதழாகக் கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேன்.

மண்டபத்துக்கு வெளியே ஒரே கூச்சல். ஜன்னல் ஓரம் யாருக்கு, ஏசி பெட்டியில் குளிருமா, அங்கே சோறு கிடைக்குமா சப்பாத்திதானா என்று. நடுவில் புகுந்து, "எனக்கும் ஒரு டிக்கெட் போடும்மா" என்றேன்.

"வேணாம் மாமா" என்றாள் கொழுந்தியாள் பயந்துபோய். "அங்க யாருக்காச்சும் உங்களத் தெரிஞ்சிருந்தா?"

"அந்த பயம் உனக்கு வேணாம்டி" என்றாள் என் மனைவி. "காஞ்சிபுரத்துலயே ஆள் இல்ல." ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டே என் சட்டைக் காலரில் சுருண்டிருந்த மடிப்பை நீவிவிட்டாள். வீட்டிலிருந்து கிளம்பும்போதுகூட அவள் செய்யாத காரியம் அது.

சாமான் தூக்குகிறவனாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ரயிலில் இரண்டு பகல் முழுவதும் பாடிக்கொண்டே போனார்கள். ரயிலுக்கென்று புது வரிகள் முளைத்தன. அதில் ஒன்று என்னைப் பற்றியது, இங்கே எழுத முடியாது.

விழா நடந்த அரங்கில் எனக்குப் பக்கத்தில் வடக்கத்திப் பெரியவர் ஒருவர். எங்கள் பெண்கள் மேடைக்குப் பின்னால் போன சற்று நேரத்தில் கொழுந்தியாள் மட்டும் ஓடி வந்தாள். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று எழுந்துவிட்டேன்.

"மாமா! மைக்க வேற எவனோ ஒருத்தன் டெஸ்ட் பண்ணிட்டான்! எங்கள உக்காரச் சொல்லிட்டான். கூப்புடுவாங்களாம், அப்பறம் வந்தா போதுமாம்!"

சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

விளக்குகள் அணைந்தன. அறிவிப்பாளர் இந்தியில் பேசத் தொடங்கினார். காஞ்சிபுரம் என்றது புரிந்தது. ஒவ்வொரு பெயராக, அவர் வாய்க்கு வந்தபடி, நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தியாக வெளிச்சத்துக்குள் நடந்து வந்தாள். கடைசியாகப் பாட்டைப் பற்றி ஏதோ சொன்னார். அதில் 'அக்ஞாத்' என்று ஒரு சொல் வந்தது. அறியப்படாதவர். படித்த படிப்பு அதற்காவது உதவியது. நான் என் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.